ஜெமினிட் எரிகல் பொழிவு: எந்த இரவு, எந்த மணி, எந்த இடம்? தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கான முழுமையான வழிகாட்டி

எரிகல் பொழிவு பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் இடத்தைத்தான் முடிவு செய்கிறார்கள். ஏற்காட்டில் அறை கிடைக்குமா, ஜவ்வாது மலைக்கு எத்தனை வண்டி போகும் என்றெல்லாம் பேசி முடித்த பிறகே தேதியும் நிலவும் நினைவுக்கு வருகின்றன. அதற்குள் முன்பணம் கட்டியாகிவிடுவதால், நிலவு பட்டப்பகல்போல் காயும் இரவில் மலையேறிவிட்டு, இரண்டு மணிநேரத்தில் நாலைந்து கோடுகளைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

பொழிவு, நிலவு, உச்ச நேரம், மணி, இடம், மேகம், கண் என்பதே சரியான வரிசை. ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்கான தெரிவுகளைக் குறைக்கிறது என்பதால், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கீழே உள்ள நேரங்களும் கோணங்களும் வேலூர், தருமபுரி வட்டாரத்துக்கான 12 பாகை வடக்கு அட்சரேகைக்குக் கணக்கிடப்பட்டவை. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் சில நிமிடங்களும் சில பாகைகளும் மாறுமே தவிர முறை மாறாது.

1. எந்தப் பொழிவு என்று முடிவு செய்யுங்கள்

ஒரு பொழிவைச் சேர்ந்த எரிகற்கள் அனைத்தையும் பின்னோக்கி நீட்டினால் அவை வானில் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதுபோலத் தோன்றும். அதைப் பொழிவு மையம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். அந்த மையம் நம் வானில் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு எரிகற்கள் தெரியும். அடிவானத்தை ஒட்டியே நின்றால் பெரும்பகுதி நமக்குக் கீழே போய்விடும். ஆகவே வெளிநாட்டு இதழ்கள் சிறந்தது என்று கொண்டாடும் பொழிவு நமக்கும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் வரும் பெர்சீட் பொழிவின் மையம் வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) வடக்கே 58 பாகையில் இருக்கிறது. நம் வானில் அது விடியும் தறுவாயில்தான் 40 பாகை உயரத்தை எட்டுகிறது. தென்மேற்குப் பருவமழையின் மேகமும் கூட வரும். ஜனவரி 3, 4இல் வரும் குவாட்ரான்டிட் பொழிவின் உச்சம் சில மணிநேரமே நீடிப்பதால், அது நம் அதிகாலையில் விழும் ஆண்டுகளில் மட்டும் கவனிக்கத்தக்கது. மே 5, 6இல் வரும் ஈட்டா அக்வாரிட் பொழிவு இங்கே பலரும் கண்டுகொள்ளாத நல்ல பொழிவு. அதன் மையம் வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஐரோப்பியரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதிகாலை இரண்டு மணிக்கு மேல் எழுந்திருக்கும் பொறுமை வேண்டும்.

முதன்முதலாகப் பார்ப்பவருக்கு நான் சொல்வது டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் பொழிவைத்தான். அதன் மையம் வடக்கே 33 பாகையில் இருப்பதால் நம் வானில் 69 பாகை வரை ஏறுகிறது. இரவின் பெரும்பகுதியில் மையம் வானில் இருக்கிறது. விடியற்காலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நொடிக்கு 35 கிலோமீட்டர் என்ற வேகம் எரிகற்களுக்குள் மிதமானது என்பதால், "அதோ!" என்று ஒருவர் கத்தியபின் திரும்புகிறவருக்கும் சில சமயம் கடைசிப் பகுதி கிடைத்துவிடும். 71 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லியோனிட் என்ற வேறொரு பொழிவின் எரிகல்லில் அது நடக்காது.

2. நிலவைப் பாருங்கள்

நிலவு இருந்தால் எவ்வளவு இருட்டான இடத்துக்குப் போனாலும் பயனில்லை. தெருவிளக்கிலிருந்து தள்ளிப் போகலாம். நிலவிலிருந்து தள்ளிப் போக இயலாது. பௌர்ணமியை ஒட்டிய இரவில் மங்கலான எரிகற்கள் அனைத்தும் மறைந்து, மிகப் பிரகாசமானவை மட்டுமே எஞ்சும். மங்கலானவையே எண்ணிக்கையில் மிகுதி என்பதால் இழப்பு பெரியது.

இதற்குத் தனிச் செயலி தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் திதி இருக்கிறது. வளர்பிறையில் ஒரு திதிக்கு ஏறத்தாழ 48 நிமிடம், அதாவது இரண்டு நாழிகை, சூரியன் மறைந்த பிறகு நிலவு தங்கும். பஞ்சமி என்றால் பத்து நாழிகை, அதாவது 4 மணிநேரம். தேய்பிறையில் அதே கணக்கில் நிலவு தாமதமாக உதிக்கும். தோராயமான கணக்குதான், கால் மணி, அரை மணி முன்பின் ஆகலாம். திட்டமிட இது போதும்.

ஜெமினிட்டுக்கு இன்னும் எளிய அடையாளம் ஒன்று உண்டு. கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டியே வரும். தீபம் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் விழுந்தால் அந்த ஆண்டு நிலவு நமக்கு எதிரி. நவம்பர் கடைசியில் விழுந்தால் நிலவைப் பற்றிய கவலை இல்லை.

2026இல் அமாவாசை டிசம்பர் 9ஆம் தேதியை ஒட்டி வருகிறது. ஆகவே 13ஆம் தேதி இரவு பத்து மணிக்கு முன்பாகவும், 14ஆம் தேதி அதற்கு முக்கால் மணிநேரம் பின்னாகவும் பிறைநிலவு மறைந்துவிடும். 2027இல் பௌர்ணமியே டிசம்பர் 13 என்பதால், அந்த ஆண்டு தொலைதூரப் பயணம் எதையும் திட்டமிட வேண்டாம். மொட்டை மாடியே போதும். 2028இல் அமாவாசை டிசம்பர் 16; விடியற்காலையில் மெல்லிய தேய்பிறை எழும், அது இடைஞ்சல் தராது.

3. உச்ச நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் படி இது. பூமி எரிகல் தூசுத் தடத்தின் அடர்ந்த பகுதியைக் கடக்கும் நேரத்தை அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் தருகின்றன. அதோடு ஐந்தரை மணிநேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் தேதியும் மாறக்கூடும்.

இரண்டாவது குழப்பம் "14ஆம் தேதி அதிகாலை" என்ற தொடரில் வருகிறது. அதற்கு 13ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று பொருள். 14ஆம் தேதி இரவு கிளம்பி, ஒரு நாள் தாமதமாகப் போய் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். குழுவுக்குச் செய்தி அனுப்பும்போது "13 ஞாயிறு இரவு 10 மணி முதல் 14 திங்கள் காலை 5 மணி வரை" என்று கிழமையோடு, இரு முனையும் தெரிய எழுதுங்கள்.

உச்ச நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மணிநேரம் பின்தள்ளிப் போகும். லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னால் இழுக்கப்படும். 2026இல் அது நம் நேரப்படி டிசம்பர் 14 மாலை ஏழரை மணியளவில் விழுகிறது. எனவே 14 இரவு முதல் தேர்வு, 13 இரவு இரண்டாம் தேர்வு. 2028இல் டிசம்பர் 14 காலை ஏழரை மணியளவில் விழுவதால் 13 இரவே சிறந்தது.

ஜெமினிட்டின் உச்சம் ஒரு நாள் அளவுக்குத் தட்டையாக நீடிப்பதால் ஒரு மணி, இரண்டு மணி வேறுபாட்டுக்குப் பதற வேண்டாம். உச்சம் கடந்தபின் எண்ணிக்கை வேகமாகக் குறையும். ஆகவே இரண்டு இரவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி, உச்சம் பகலின் நடுவில் விழுந்தால், முந்தைய இரவை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. இரவில் எந்த மணி என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஜெமினிட் பொழிவு மையம் புனர்பூச நட்சத்திரத்தின் இரண்டு விண்மீன்களில் வடக்கே இருக்கும் காஸ்டரை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் நடுவில் அது இரவு ஏழரை மணியளவில் வடகிழக்கில் உதிக்கிறது. பத்து மணிக்கு 30 பாகை, நள்ளிரவில் 54 பாகை, இரண்டு மணியளவில் 69 பாகை என்று ஏறி, ஐந்து மணிக்கு 46 பாகைக்கு இறங்குகிறது. அதன்பின் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும்.

பத்து மணிக்குக் கிடைக்கும் எண்ணிக்கை, இரண்டு மணிக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் பதினொன்றரை மணிக்கு "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று எழுந்து போகிறவர்களே மிகுதி. மூன்று மணிநேரம் மட்டுமே ஒதுக்க முடியும் என்றால் நள்ளிரவு 12:30 முதல் 3:30 வரை ஒதுக்குங்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்குப் பத்து முதல் பன்னிரண்டு ஏற்றது. எண்ணிக்கை குறைந்தாலும் அவர்கள் விழித்திருக்கும் நேரம் அது.

எட்டு மணியை ஒட்டி ஒரு தனிச் சுவை உண்டு. மையம் அடிவானத்தில் இருக்கும்போது எரிகற்கள் காற்று மண்டலத்தை உரசியபடி கிடைமட்டமாகப் பாய்வதால், அரை வானத்தை அளக்கும் நீண்ட கோடுகள் தென்படலாம். மணிக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே அதிகம். அதை மட்டும் நம்பி யாரையும் அழைத்துப் போகாதீர்கள்.

5. எத்தனை தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஜெமினிட்டுக்கு மணிக்கு 150 என்று செய்திகளில் வரும் எண், மையம் நேர் உச்சியில் இருந்து, வானில் 6.5 பொலிவெண் வரையான மீன்கள் தெரியும் இருட்டில் ஒருவர் பார்த்தால் என்ற நிபந்தனையோடு கூடியது. பொலிவெண் கூடக் கூட மீன் மங்கல் என்று பொருள். செய்தித்தாள் நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அச்சிடுகிறது. ஏமாற்றம் அங்கே தொடங்குகிறது.

மையம் 69 பாகையில் இருக்கும்போது, 6.5 வரை தெரியும் வானில் மணிக்கு ஏறத்தாழ 140 வரும். வானத்தின் இருட்டு ஒரு பொலிவெண் குறைந்தால் எண்ணிக்கை 2.6 மடங்கு குறைகிறது. 5.5 வரை தெரியும் நல்ல கிராமத்து வானில் 54, 4.5 வரை தெரியும் சிறு நகரத்து விளிம்பில் 21; 3.5 மட்டுமே தெரியும் பெருநகர மாடியில் 8.

இதை ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு எவ்வளவு தூரம் பயணம் செய்வது பயனுள்ளது என்பது தானே விளங்கிவிடும். சென்னையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை ஓர மனைப்பிரிவில் நின்றால் பெரிய வேறுபாடு இருக்காது.

மணிக்கு 54 என்பது நிமிடத்துக்கு ஒன்று என்று சீராக வரும் என்று எண்ணவும் வேண்டாம். ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லாமல் போய், பிறகு அரை நிமிடத்தில் மூன்று விழும்.

6. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் இடம். எரிகற்கள் தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிவதால், "அந்த மலையில் தெரியும், எங்கள் ஊரில் தெரியாது" என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஒரே எரிகல் இரண்டு மூன்று மாவட்டங்களுக்குச் சேர்ந்தே தெரியும். இடத்துக்கு இடம் மாறுவது இருட்டும் மேகமும் மட்டுமே.

மேகத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழை முற்றிலும் விடைபெற்றிருக்காது. சென்னை முதல் நாகப்பட்டினம் வரையான கடற்கரையில் மேகத்துக்கு வாய்ப்பு மிகுதி. உள்ளே போகப் போகக் குறையும். தருமபுரி, கிருஷ்ணகிரி, கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சமவெளிகளுக்கு நான் முன்னுரிமை தருவேன். கொடைக்கானலில் மழையும் மூடுபனியும் டிசம்பரிலும் நீடிப்பது உண்டு. நீலகிரியில் உறைபனி விழும் இரவுகள் பொதுவாகத் தெளிந்த இரவுகள்தாம். ஆனால் அந்தக் குளிரில் அசையாமல் மூன்று மணிநேரம் படுத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலையில் காவலூரை ஒட்டி வைணு பாப்பு வானாய்வகம் அமைக்கப்பட்டதற்கே அங்குள்ள இருட்டான, தெளிந்த வானம்தான் காரணம். அதன் சுற்றுப்புறம் நல்ல தேர்வு. ஒரு வேண்டுகோள் மட்டும்: ஆய்வகத்தை ஒட்டிய சாலைகளில் முகப்பு விளக்கை எரியவிட்டு நிற்காதீர்கள். நீங்கள் எரிகல் பார்க்கும் அதே இரவில் அங்கே ஆய்வு நடக்கிறது.

மலை கட்டாயமில்லை. பழக்கமான ஒருவருடைய தோட்டத்துக் களமோ, பண்ணை வீட்டு மொட்டை மாடியோ பெரும்பாலும் மலையைவிட வசதி. தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். பெரிய ஊர் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசை அடிவானம் ஆரஞ்சாகவோ வெளிறியோ இருக்கும். அது தெற்கிலோ மேற்கிலோ அமையும் இடமாக எடுங்கள், ஏனெனில் நமக்குத் தேவை கிழக்கும் வடக்கும் உச்சியும். ஊர் முச்சந்தியில் நிற்கும் உயர்கோபுர விளக்கு கண்ணுக்கு நேரே தெரியக் கூடாது; ஒரு புளியமரமோ வைக்கோல் போரோ மறைத்தால் போதும். கடைசியாக, ஏரிக்கரையையும் நெல் வயல் நடுவையும் தவிருங்கள். நள்ளிரவுக்குப் பின் நீரை ஒட்டிய தாழ்வான நிலத்தில்தான் பனிமூட்டம் முதலில் தேங்குகிறது. பத்தடி மேடான கரட்டு நிலத்தில் நின்றாலே சில இரவுகளில் மூட்டத்துக்கு மேலே இருப்பீர்கள்.

7. பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள், அனுமதி பெறுங்கள்

இருட்டில் முதன்முதலாக ஓர் இடத்துக்குப் போவது தவறு. பகலில் கிணறு எங்கே, மின்வேலி எங்கே, வண்டி எங்கே திருப்ப முடியும் என்று பார்த்துவிட வேண்டும். மோட்டார் கொட்டகையில் இருக்கும் எல்இடி விளக்கைத் தோட்டக்காரரிடம் அந்த இரவு மட்டும் அணைக்கச் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். இரவு ஒரு மணிக்கு அவரை எழுப்ப முடியாது.

காப்புக்காடுகளுக்குள் இரவில் நுழைய அனுமதி இல்லை. திம்பம் மலைப்பாதை போன்ற இடங்களில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. பலர் ஆசைப்படும் தனுஷ்கோடி முனையிலும் மாலைக்குப் பின் இருக்க விடமாட்டார்கள். யானை நடமாடும் பகுதிகளில் சாலையோரம் விளக்கை அணைத்துப் படுத்திருப்பது உயிரோடு விளையாடுவது. தனியார் நிலம், உரிமையாளரின் சம்மதம், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல்: இந்த மூன்றும் இருந்தால் நள்ளிரவு விசாரணைகள் எளிதில் முடிந்துவிடும்.

8. மேகத்தை எப்படிப் பார்ப்பது

"மழைக்கு வாய்ப்பு 20 விழுக்காடு" என்ற கைப்பேசி முன்னறிவிப்பு நமக்குப் பயன்படாது. மழையே இல்லாமல் வானம் முழுக்க மூடியிருக்கலாம். மேக அளவை விழுக்காட்டில் காட்டும் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம் என்று பிரித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

கிளம்பும் நாளன்று மாலையில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். வங்கக் கடலில் தாழ்வு நிலை இருந்தால் அதன் மேகக் கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரியும். தாழ்வு நிலை வலுவிழந்து விலகிய மறுநாள் வானம் கழுவி விட்டாற்போல் இருப்பதும் உண்டு.

அகச்சிவப்புப் படத்தில் தரையை ஒட்டிய மூடுபனி எளிதில் தெரியாது. அதன் வெப்பநிலை தரையின் வெப்பநிலையை ஒட்டியே இருப்பதுதான் காரணம். ஆகவே படம் தெளிவாக இருந்தாலும், போகும் ஊரில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து "மீன் தெரிகிறதா?" என்று கேட்டுவிடுங்கள். அதைவிட நம்பகமான கருவியை நான் கண்டதில்லை. பாதி வானம் மூடியிருந்தால் கிளம்பலாம். முக்கால் பங்கு மூடியிருந்தால் மாற்று இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

9. என்னென்ன வேண்டும்

தொலைநோக்கி வேண்டாம். எரிகல் வானத்தின் எந்த மூலையிலும் வரலாம். தொலைநோக்கி காட்டுவது ஊசிமுனை அளவு வானத்தை.

கட்டாயம் வேண்டியது படுக்க ஒரு வசதி. கயிற்றுக் கட்டில் இருந்தால் மிகச் சிறப்பு. இல்லையென்றால் தார்ப்பாய், அதன்மேல் பாய், அதன்மேல் ஜமுக்காளம். நின்றபடி அண்ணாந்து பார்ப்பவர் பத்து நிமிடத்தில் கழுத்து வலித்துத் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பனி தலையில் இறங்காமலிருக்கக் குல்லாவும் போர்வையும், கொசுவுக்குத் தடவும் களிம்பு, பிளாஸ்கில் சுக்குக்காப்பி, பாம்புக்காக மூடிய காலணி, நடக்கும்போது தரையைத் தட்ட ஒரு கோல். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள்; ஒரே மடிப்பு போட்டால் எல்இடியின் வெளிச்சம் இளஞ்சிவப்பாகக் கசியும், அது போதாது.

கொசுவர்த்தியின் நெருப்புப் புள்ளிகூட இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் தொந்தரவுதான். தலைமாட்டுக்குப் பின்னால் வையுங்கள்.

10. கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள்

கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடும். விழித்திரையில் மங்கல் ஒளியை உணரும் நிறமி மீண்டும் நிரம்புவதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. புதியவர்கள் குழுவில் நான் காணும் தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால்தான். அரை மணிக்கு ஒருவர் என்று பத்துப் பேர் மாறி மாறி மணி பார்த்தால், எவருடைய கண்ணும் அந்த இரவு முழுக்கப் பழகவே பழகாது.

ஆகவே வந்து சேர்ந்தவுடன் தின்பதற்கு உரியதை வெளியே எடுத்து வைத்து, வாகனக் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை அணைத்து, கைப்பேசிகளை ஒரு பையில் போட்டுவிடுங்கள். தாமதமாக வருகிறவர்கள் முகப்பு விளக்கோடு களத்துக்குள் நுழையாமல் சாலையிலேயே நிறுத்தி நடந்து வரட்டும்.

பழகிவிட்டதா என்று சோதிக்கக் கார்த்திகைக் கூட்டம் உதவும். டிசம்பர் நடுவில் இரவு பத்தரை மணிக்கு அது கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். ஆறு மீன்களை எண்ண முடிந்தால் வானம் ஏறத்தாழ 4.3 பொலிவெண் வரை தெரிகிறது. ஏழைத் தாண்டினால் 5ஐத் தாண்டிய நல்ல வானம். கண்ணாடி அணிபவர்கள் அணிந்தே பார்க்க வேண்டும். கிட்டப்பார்வை சிறிதளவே இருந்தாலும் மங்கலான மீன்கள் கரைந்துவிடும்.

11. எந்தத் திசையில் பார்ப்பது

பொழிவு மையத்தையே உற்றுப் பார்க்க வேண்டாம். மையத்தை ஒட்டி வரும் எரிகற்கள் நம்மை நோக்கி வருவதால் கோடு மிகக் குட்டையாகத் தெரியும். 40 முதல் 60 பாகை தள்ளிப் பார்த்தால் கோடு நீளும், கண்ணில் படும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பத்து முதல் பன்னிரண்டு வரை கால் கிழக்கு நோக்கி இருக்கப் படுத்து, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே சற்று மேலாகப் பாருங்கள். அதன்பின் மையம் உயர்ந்துவிடுவதால் திசைக்கு மதிப்பு குறைகிறது. எந்தப் பக்கம் அதிக இருட்டோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பார்வையை ஓரிடத்தில் குத்திட்டு நிறுத்தாமல் தளர விடுங்கள், ஏனெனில் கண்ணின் ஓரப்பகுதியே மங்கல் ஒளியையும் அசைவையும் விரைவாகப் பிடிக்கிறது.

புனர்பூசத்தை அடையாளம் காண வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் கூட்டத்தைப் பிடியுங்கள். வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்கு ஒரு பக்கம் சிவந்த திருவாதிரை, மறுபக்கம் வெண்ணீல ரைஜல். ரைஜலிலிருந்து திருவாதிரைக்குக் கோடு இழுத்து அப்படியே நீட்டினால், நீட்டிய கையின் மூன்று விரல் அகல இடைவெளியில் இரண்டு மீன்கள் ஜோடியாக நிற்கும். அவற்றில் வடக்கே இருப்பது காஸ்டர்.

12. பார்த்தது ஜெமினிட்தானா என்று உறுதிசெய்து எண்ணுங்கள்

எல்லா இரவிலும் எந்தப் பொழிவையும் சேராத உதிரி எரிகற்கள் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்றைக் கண்டதும் அதன் பாதையின் மேல் மனத்தில் ஒரு நூலைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நூல் காஸ்டரை ஒட்டிப் போனால், வேகமும் மிதமாக இருந்தால், அது ஜெமினிட். மின்னல்போலச் சட்டென்று கீறிப் போனால் பெரும்பாலும் உதிரிதான்.

விமானம் மினுக்கும், செயற்கைக்கோள் நிமிடக்கணக்கில் ஊர்ந்து போகும், எரிகல் ஓரிரு நொடியில் முடியும். நள்ளிரவுக்குப் பிறகு தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை பூமியின் நிழலுக்குள் போய்விடுவதால் இந்தக் குழப்பமும் குறையும்.

எண்ணும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும். நால்வர் பார்த்ததைக் கூட்டி "நூறு பார்த்தோம்" என்றால், அந்த எண்ணை வேறெந்த இரவோடும் ஒப்பிட முடியாது. அடுத்தவர் கத்தியதால் திரும்பிப் பார்த்தது உங்கள் கணக்கில் சேராது. எழுதுவதற்குத் தலை குனிவதைத் தவிர்க்க, கைப்பேசியின் குரல் பதிவை முதலிலேயே ஓடவிட்டுத் திரையை அணைத்து, "ஜெமினிட்" அல்லது "உதிரி" என்று சொல்லிக்கொண்டே போங்கள். நேரம் பதிவிலேயே கிடைத்துவிடும்.

13. படம் எடுப்பவர்களுக்குச் சில சொற்கள்

கண்ணால் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஒரே ஆளுக்கு ஒரே இரவில் நன்றாக அமைவதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அகலக் கோண லென்ஸ், துளை 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஒரு படத்துக்கு 15 முதல் 20 நொடி என்று அமைத்து, கருவியே தொடர்ந்து எடுக்கும்படி விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குவியத்தை ஒரு பிரகாசமான மீனில் கையால் சரிசெய்து, வளையம் அசையாமல் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். இரண்டு மணிக்கு மேல் லென்ஸின் மேல் பனி படியும். அரை மணிக்கொருமுறை விளக்குப் போடாமல் முகப்புக் கண்ணாடியைச் சரிபார்க்க வேண்டும்.

14. மறுநாள் காலையில் செய்ய வேண்டியது

சர்வதேச எரிகல் அமைப்பு உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து கண்ணால் பார்த்த கணக்குகளை இணையப் படிவத்தில் பெறுகிறது. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணிநேரம் கழித்துத் தொடக்கத்தையும் முடிவையும் எழுதுங்கள். கழிக்கும்போது தேதி முந்தைய நாளுக்குப் போகிறதா என்று பாருங்கள். எந்தப் பொலிவெண் வரை மீன்கள் தெரிந்தன, மேகம் எத்தனை பங்கு மூடியிருந்தது, ஜெமினிட் எத்தனை, உதிரி எத்தனை என்பனவும் வேண்டும். காப்பி குடித்த நேரத்தையும் போர்வை மாற்றிய நேரத்தையும் பார்த்த நேரத்திலிருந்து கழித்துவிடுங்கள். கழிக்காமல் அனுப்பினால் உங்கள் ஊர் வானத்தில் பொழிவு உண்மையைவிடக் குறைவாக இருந்ததாகக் கணக்கு காட்டும்.